வேற்றுமை உருபு

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த அன்று ஆசிரியர் அறையில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரலாற்று வாத்தியார் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைகள் கேள்வியையே ஒழுங்காகப் படிக்காமல் பதில் எழுதியிருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். படிப்பது என்ற பேச்சு வந்ததும் அத்தனை பேரும் மொழி டீச்சரைப் பார்த்தார்கள்.

மறுநாள் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டுப் பொறுப்பைத் தலையில் கட்டினார். எந்தப் பிள்ளைக்குப் படிக்க வருகிறது, எந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு மற்ற பாட ஆசிரியர்களையும் உட்காரவைத்து, அவரவர் பாடத்தைப் பிள்ளைகள் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள என்ன செய்யலாம் என்று சொல்லித்தர வேண்டும். "நம்ம ஆளுங்க முறைச்சுக்குவாங்க, பக்குவமாப் பேசுங்க" என்று மட்டும் எச்சரித்தார்.

அவள் புதிதாகப் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக நூலக அறைக்கு அழைத்து, மொழிப்பாட நூலை மூடிவைத்துவிட்டு, வரலாற்றிலிருந்தும் அறிவியலிலிருந்தும் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். மொழிப்பாடம் அவர்களுக்கு மனப்பாடம். பார்க்காமலே ஒப்பிப்பார்கள். புதுப் பக்கத்தில்தான் சாயம் வெளுத்தது. பாதிப் பிள்ளைகள் சொல்லின் தலையை மட்டும் பார்த்தார்கள். வாலை விழுங்கிவிட்டு, அடுத்த சொல்லுக்குத் தாவி, நடுவில் இருப்பதைத் தாங்களாக இட்டு நிரப்பினார்கள்.

அப்படித்தான் வாயாடியும் அகப்பட்டாள். அது ஆசிரியர்கள் செல்லமாக வைத்த பெயர். பேச்சுப் போட்டி என்றால் அவள்தான், விழாவுக்கு வரவேற்புரை என்றாலும் அவள்தான். ஒரு தடவை காதில் விழுந்தது அவளுக்கு மறக்காது. "அரசனை அமைச்சர் கொன்றார்" என்று புத்தகத்தில் இருந்ததை "அரசன் அமைச்சரைக் கொன்றான்" என்று வாசித்துவிட்டு, அடுத்த பத்தியில் அமைச்சர் முடிசூடிக்கொண்டதும் திகைத்துப்போய் நிமிர்ந்தாள். 

"செத்தவர் எப்படி டீச்சர் ராஜா ஆனாரு?"

மொழி டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. ஐந்து வருடமாக இந்தப் பெண் அவளிடம் படிக்கிறாள். வேற்றுமை உருபுகளைச் சொல் என்றால் ஐ, ஆல், கு என்று ஏழாம் வேற்றுமை வரை தட்டாமல் சொல்வாள். அந்த 'ஐ' ஒரு வரிக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை அவளை யாரும் நின்று பார்க்கவைக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதினாள். மொழி டீச்சரும் மதிப்பெண் போட்டாள்.

முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். வரலாற்று வாத்தியாருக்குப் பிள்ளைகள் 'கல்வெட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுத வேண்டும், ஒரு எழுத்து மாறக் கூடாது. தானே வாசித்து, தானே விளக்கி, விடையையும் தானே எழுதிப் போடுவதாகவும், இதற்கு மேல் பிள்ளைகள் எதற்காகப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்றும் அவர் கேட்டார். அதனால்தான் சார் அவங்க திறக்கிறதே இல்லை என்று மொழி டீச்சர் சொன்னதும் அறையில் சிரிப்பு எழுந்தது. கல்வெட்டு சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவும் இல்லை.

கணக்கு வாத்தியார்தான் பிடித்துக்கொண்டார். கணக்கைப் போடுவதற்கு முன்னால் அதை ஒரு பிள்ளை படிக்க வேண்டும், என்ன கேட்டிருக்கிறது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், அதுவரை யாரும் பேனாவைத் தொடக் கூடாது என்று வகுப்பில் வைத்துப் பார்த்தார். கணக்குத் தெரியாது என்று தான் ஒதுக்கித் தள்ளியவர்களில் பலருக்குக் கேள்விதான் புரியாமல் இருந்திருக்கிறது என்று வந்து சொன்னார்.

வேதியியல் டீச்சர் இரண்டு கூட்டங்களுக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் மொழி டீச்சருக்கு நாத்தனார். கணவரின் அக்கா. அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணம் என்ற பேச்சையே அண்டவிடாமல் மாடிப் பகுதியில் தனியாக இருந்தாள். கீழே தம்பி குடும்பம். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போவார்கள். சாயந்திரம் யார் வீட்டில் அடுப்பு முதலில் எரிகிறதோ அங்கே டீ. பதினெட்டு வருடத்தில் இருவருக்கும் முகம் சுளிக்கும்படி ஒன்றும் வந்ததில்லை.

வாயாடியைச் சோதித்த அன்று மாலை மாடிப்படியில் வைத்தே மொழி டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். 

"அண்ணி, அந்தப் பிள்ளைக்குப் படிக்க வரலை. உங்க செய்முறையில மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க."

"யாரு, வாயாடியா? என் வகுப்புல முதல்ல கை தூக்குறதே அவதான்."

"காதால கேட்டதைச் சொல்றா அண்ணி. தாளைக் கையில கொடுத்தா தடுமாறுறா. ஒவ்வொரு படியையும் ஒரு பிள்ளை படிச்சு, என்ன செய்யப்போறேன்னு வாய்விட்டுச் சொல்லட்டும். அப்புறம் பாட்டிலைத் தொடட்டும். ரெண்டு நிமிஷம்தான் ஆகும்."

நாத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினாள். ஆய்வக உதவியாளர் இடம் எத்தனை காலமாகக் காலியாகக் கிடக்கிறது என்று தெரியுமா, கண்ணாடிக் குழாயைக் கழுவுவதும் தானே, பாடம் நடத்துவதும் தானே, இதில் எழுத்துக்கூட்டவும் தானே சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டாள். கடைசியாக, குரலை உயர்த்தாமல், "உன் பாடத்தை நீ சரியா நடத்தியிருந்தா என் ரெண்டு நிமிஷம் மிச்சம்" என்றாள்.

அது பொய்யில்லை என்பதால்தான் சுருக்கென்று தைத்தது. மறுநாள் மொழி டீச்சர் படிக்க வராத பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தாள், அதில் வாயாடியின் பெயரும் இருந்தது. 

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறியவர்களின் எண்ணிக்கை கூடியது. தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் கணக்கு வாத்தியாரை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார். எல்லாவற்றையும் நாமே ஊட்டிவிடக் கூடாது, பிள்ளைகள் தாங்களாகப் படிக்கட்டும், மற்றவர்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். வேதியியல் டீச்சர் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னதாக அன்று எல்லாருக்கும் பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி வந்தாள்.

அடுத்த வாரச் செய்முறை வகுப்பில் அவள் படிகளைச் சொல்லவில்லை. இருபது வருடமாக மேசைக்கு முன்னால் நின்று, இதை எடு, இதில் ஊற்று, நிறுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நடத்தியவள், அன்று அச்சடித்த தாளை வரிசையாகக் கொடுத்தாள். இனிமேல் நீங்களே படித்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, குழாயடியில் அடைத்துக்கொண்டிருந்த தொட்டியைப் பார்க்கப் போனாள்.

அமிலத்தின் செறிவைக் குறைக்கும் செய்முறை அது. தாளில் இரண்டாவது படி தெளிவாகத்தான் இருந்தது. 'நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். அமிலத்தில் நீரைச் சேர்க்கக் கூடாது.' வாயாடி அதைப் படித்தாள். அவளுடைய ஜோடியாக நின்ற பெண் கேட்டபோது, "தண்ணியை இதுல ஊத்தணும்டி, ரெண்டு தடவை போட்டிருக்கு பாரு" என்றாள். வகுப்பில் கெட்டிக்காரி அவள்தான் என்பதால் அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை.

மொழி டீச்சர் பக்கத்துக் கட்டடத்தில் ஏழாம் வகுப்பில் இருந்தாள். அலறல் கேட்டு ஓடினாள். குடுவை கொதித்துப் பொங்கி முகத்தில் அடித்திருந்தது. நாத்தனார் பிள்ளையின் தலையைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு, தன் சேலை பொசுங்குவதும் கை வெந்துபோவதும் தெரியாமல், தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடிகள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. இருந்ததும் மூன்றோ நான்கோதான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். பஸ் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். விரல் இடுக்கெல்லாம் நீல நிறம். சத்தம் போடுவார் என்று தலைமையாசிரியர் ஒதுங்கி நின்றார். அவர் சத்தம் போடவில்லை. தாளில் எழுதியிருந்ததைப் பிள்ளை மாற்றிப் படித்துவிட்டாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நேராக மொழி டீச்சரிடம் வந்தார்.

"படிக்கத் தெரியாதவளா டீச்சர் இவ? எல்லா வருஷமும் மார்க் போட்டு அனுப்பினீங்களே."

 பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்வதா, தெரியாது என்பது தனக்கே இந்த வருடம்தான் தெரிந்தது என்று சொல்வதா? எதைச் சொன்னாலும் அந்த மனிதருக்குப் பிரயோசனம் இல்லை. அவர் மனைவியிடம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வலது கண் தப்பியது. இடது கண்ணை முடிந்தவரை காப்பாற்றப் பார்ப்பதாக டாக்டர்கள் சொல்லி, சில வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மொழி டீச்சர் ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனாள். ஒற்றை அறையும் சமையல் இடமும் உள்ள வீடு. தையல் கம்பெனிக்குப் போகும் அம்மா லீவு போட்டுக் கூடவே இருந்தாள். வாயாடி பாதி முகத்தில் கட்டுடன் சுவரில் சாய்ந்திருந்தாள். வந்தவளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைப்பவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அம்மா தண்ணீர் எடுக்கப் போனதும், "டீச்சர், அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருந்துச்சு? சொல்லுங்க" என்றாள்.

மொழி டீச்சருக்கு அந்த இரண்டு வரியும் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இருந்தன. சொன்னாள். பிள்ளை ஒரே ஒரு தடவை கேட்டாள். நீரில் அமிலத்தை, அமிலத்தில் நீரை என்று, ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே திருப்பிச் சொன்னாள். 

"அன்னைக்கு யாராவது ஒரு தடவை வாயால சொல்லியிருந்தா போதும் டீச்சர். நான் பிடிச்சுக்கிட்டிருப்பேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். 

கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். தாளில் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது, வேதியியல் டீச்சர் ஆய்வகத்துக்குள்தான் இருந்தார், மாணவி கவனக்குறைவாகச் செய்துவிட்டாள், இதைத் தாண்டி யாரும் எதையும் நீட்டி முழக்க வேண்டாம் என்றார். பள்ளியின் பெயர் கெட்டால் எல்லாருக்கும்தான் நஷ்டம் என்றார்.

வீட்டில் கணவருக்கும் செய்தி எட்டியது. தபால் நிலையத்தில் வேலை. யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"அக்காகிட்ட முன்னாடியே சொன்னேன்னு அங்கே சொல்லப்போறியா?"

"கேட்டா சொல்லுவேன்."

"அவளுக்கு இந்த வேலையை விட்டா என்ன இருக்கு? என்னைப் படிக்க வச்சவ அவ. அவ கையும்தான் வெந்துபோயிருக்கு."

"கவனக்குறைவுன்னு எழுதிட்டா அந்தப் பிள்ளைக்கு என்னங்க இருக்கு? அவ கவனமாத்தான் செஞ்சா. படிக்கத்தான் வரலை."

அவர் கை கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

விசாரணை தலைமையாசிரியர் அறையில் நடந்தது. கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொள்ளும் ஒரு பெண் அதிகாரி. அவர் முன்னால் செய்முறைத் தாள் இருந்தது. கையில் கட்டுடன் வந்த நாத்தனார் நேராக உட்கார்ந்து, பிள்ளைகளையே படிக்கவிட வேண்டும் என்று மொழி ஆசிரியை கூட்டம் போட்டுச் சொன்னதாகவும், தலைமையாசிரியர் மேடையிலேயே வலியுறுத்தியதாகவும், அதைத்தான் செய்ததாகவும் சொன்னாள். அவள் தம்பி மனைவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அதிகாரி மொழி டீச்சரிடம் அது உண்மையா என்றார். உண்மை என்றாள். பிள்ளைகள் படித்து, புரிந்ததை வாய்விட்டுச் சொன்ன பிறகே பொருளைத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகச் சொன்னாள். அந்தப் பாதிதான் வகுப்பில் விட்டுப்போயிற்று என்றாள். இந்த மாணவிக்குப் படிக்க வரவில்லை என்று வேதியியல் ஆசிரியைக்குத் தெரியும், தலைமையாசிரியருக்கும் தெரியும், இருவரிடமும் சொன்னது தான்தான் என்றாள். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார்.

"அப்படின்னா உங்க பாடத்துல எப்படித் தேறினா?" என்று அதிகாரி கேட்டார்.

"மனப்பாடத்துக்கு மார்க் போட்டேன் மேடம். அஞ்சு வருஷமும் நான்தான் போட்டேன். அதையும் எழுதிக்கோங்க. கவனக்குறைவுன்னு மட்டும் எழுதாதீங்க."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அறிக்கையில் எதை எடுத்தார், எதை விட்டார் என்று யாருக்கும் காட்டவில்லை. உத்தரவு மட்டும் வந்தது. வேதியியல் டீச்சருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். மொழி டீச்சருக்கு எழுத்துப்பூர்வக் கண்டனம், சம்பள உயர்வு நிறுத்தம். தலைமையாசிரியருக்கு ஒன்றும் இல்லை. ஆய்வகத்தைப் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தினார்கள். இனி எல்லாப் பாடத்தையும் ஆசிரியரே வாசித்து விளக்க வேண்டும், மாணவர்களைத் தாமாகப் படிக்கவிட்டு விபரீதத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கல்வெட்டு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதைத்தானே நான் இத்தனை வருஷமா செய்யறேன்" என்றார். கணக்கு வாத்தியார் நடைபாதையில் மொழி டீச்சரை நிறுத்தி, தன் வகுப்பில் மட்டும் பழையபடி செய்யலாமா என்று ரகசியமாகக் கேட்டார்.

"கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யுங்க சார்" என்றாள். அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாத்தனார் மாடியைக் காலி செய்துகொண்டு வேறு பேட்டையில் ஒரு சிறிய வீட்டுக்குப் போனாள். சாமான் ஏற்றுகிற அன்று மொழி டீச்சர் பாத்திரக் கூடையைத் தூக்கப் போனபோது, "வை, நான் எடுத்துக்கறேன்" என்றாள். பிறகு வெந்த கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி திரும்பினாள். "நீ பொய் சொல்லலை. அது எனக்குத் தெரியும். ஆனா உன் முகத்தைப் பார்த்தா எனக்குக் குழாயடிதான் ஞாபகம் வருது." அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். அங்கே என்ன பேசினார்கள் என்று இவளும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

மொழி டீச்சர் சனிக்கிழமைகளில் வாயாடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் இரண்டு தடவை பெயிண்டர் வாசலிலேயே நின்று, பிள்ளைக்கு ஓய்வு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை அவர் வேலைக்குப் போயிருந்தார், அம்மா உள்ளே விட்டாள். பிறகு அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்குத் திரும்ப மாட்டேன் என்றுவிட்டாள். எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்து, வால் முடியும்வரை விரலை நகர்த்தாமல் படிக்கப் பழகினாள். அரைப் பக்கம் போவதற்குள் நல்ல கண்ணிலும் நீர் வழியும். துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள். 

ஒரு சனிக்கிழமை, அடுத்த வாரம் வர வேண்டாம் என்றாள். இடது கண்ணில் சீழ் வற்றவில்லை. எடுக்காமல் வைத்திருந்தால் வலது கண்ணையும் கெடுத்துவிடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். மொழி டீச்சர் அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். 

படுக்கைக்குப் பக்கத்தில் பெயிண்டர் பேனாவுடன் நின்றிருந்தார். நர்ஸ் சம்மதத் தாளை நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினாள். 

"அப்பா, இருங்க. நான் படிச்சதுக்கு அப்புறம் போடுங்க."

நர்ஸ், அதில் இருப்பதைத் தானே சொல்லிவிடுவதாகவும் சிரமப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். பிள்ளை தலையை ஆட்டினாள். 

"இல்லைக்கா. நானே படிக்கிறேன்."

பெயிண்டர் மொழி டீச்சரைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தாள். எடுத்துக்கொடுக்கவில்லை. வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருண்டு போயிற்று. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சுவரில் சாய்ந்தாள். பிள்ளை தாளை நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தாள். 

"என்... மகளின்... இடது... கண்ணை..." 

அங்கே விரல் நின்றது. ஒரு சொல் பின்னால் போய், மறுபடியும் "கண்ணை" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அடுத்து வரும் சொல் இன்னதுதான் என்று அவளுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் அதைத் தானாக இட்டு நிரப்பாமல், விரலை நகர்த்தி, எழுத்தெழுத்தாக அதையும் படித்தாள். அப்பா பேனா மூடியைக் கழற்றினார்.